அம்மிணிக்கு வீடு கிடைச்சிருச்சு!

முதல்ல நல்ல சேதிய சொல்லிடறேன்.

எங்க நாய் ஷெல்டர்ல கடைசிக் கூண்டுல, வர்றவங்க யாருக்கும் மூஞ்சியக் காட்டாம செவுத்தையே பாத்துட்டு உக்காந்திருந்த அம்மிணி, இப்போ வடவள்ளிப் பக்கம் ஒரு டீச்சரம்மா வீட்ல இருக்கா. மாடிப்படிக்கு அடியில அவளுக்குன்னு ஒரு மூலை. காலையில கேட் சத்தம் கேட்டா எட்டி பால்காரரப் பாக்கறா. அப்புறம் டீச்சரம்மாவப் பாக்கறா. அதுக்கப்புறம்தான் போய் ஒளியறா.

(ஆமாங்க, இன்னும் ஒளியறா. ஆனா பாத்துட்டு ஒளியறா! இது எவ்வளவு பெரிய விஷயம்னு கீழ படிச்சா உங்களுக்கே புரியும்.)

இந்த சந்தோஷத்துல மிதந்துட்டு இருக்கறப்பதான் வாட்ஸ்அப்ல ஒரு ஃபார்வர்டு வந்துச்சு. வேற ஏதோ ஊர் நாய். கிட்டக்க வெச்சு எடுத்த போட்டோ. "யாருமே வேண்டாம்னுட்டாங்க, நீங்களாவது கூட்டிட்டுப் போக மாட்டீங்களா"ன்னு கீழ எழுதி, பின்னாடி ஒரு சோகப் பாட்டு வேற.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம்.

அந்தப் போட்டோவுல நாயோட காது ரெண்டும் பின்னாடி ஒட்டிக் கிடக்கு. கண்ணோட வெள்ளை ஓரத்துல தெரியுது. வாய் இறுக்கி மூடியிருக்கு. அது பயத்துல உறைஞ்சு போயிருக்கு, கேமராவப் பாத்தே! ஆனா அந்த மெசேஜ்ல எங்கயாச்சும் "இது பயந்த நாய்"னு ஒரு வார்த்தை இருக்கா? இல்ல. அத சோகம்னு நினைச்சு மனசு கரைஞ்சு போய் ஒருத்தர் ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போவார். ரெண்டு மூணு நாள்ல கழுத்துப் பட்டைய உருவிட்டு அது பைபாஸ் ரோட்டப் பாத்து ஓடும். அப்புறம் "காணவில்லை"ன்னு அதே நாய்க்கு இன்னொரு ஃபார்வர்டு வரும். இப்படி வந்ததப் பாத்திருக்கேன். அதனாலதான் இவ்வளவு கோவம்.

நான் சொல்ல வர்றது ஒண்ணே ஒண்ணுதான். பயந்த நாய்க்கு வீடு தேடறப்ப பாக்க வேண்டியது பொருத்தம். அது இல்லாத வீட்ல எவ்வளவு பாசத்தக் கொட்டினாலும் அந்த நாய்க்கு அது இன்னொரு பயம்தான்.

சரி, கதைக்கு வர்றேன்.

யாரும் அடிச்சதில்லைங்க

அம்மிணியப் பாக்கறவங்க எல்லாரும் சொல்றது ஒண்ணுதான்: "யாரோ நல்லா அடிச்சிருக்காங்க போல."

எங்களுக்குத் தெரிஞ்ச வரைக்கும் யாரும் அடிக்கல. சூலூர் போற வழியில வேலை பாதியில நின்னுபோன ஒரு கட்டடத்துல பொறந்தவ. மனுஷ நடமாட்டமே இல்லாத இடம். தாய் நாய் ராத்திரி வெளிய போய் ஏதாச்சும் கொண்டு வரும். குட்டி உள்ளயே வளந்துச்சு. மறுபடியும் வேலை ஆரம்பிச்சு ஆளுங்க வந்தப்பதான், கால்ல அடிபட்டு ஒரு வளர்ந்த நாய் கம்பிக்கட்டுக்கு நடுவுல மாட்டியிருக்கறதப் பாத்து ஷெல்டருக்கு போன் பண்ணாங்க.

இங்கதான் நாய் வளர்க்கற எல்லாரும் தெரிஞ்சுக்க வேண்டிய ஒரு விஷயம் இருக்கு. அமெரிக்காவுல மெய்ன் மாநிலத்துல பார் ஹார்பர்னு ஒரு ஊர். அங்க ஜாக்சன் லேபரட்டரியில ஸ்காட், ஃபுல்லர்னு ரெண்டு விஞ்ஞானிங்க வருஷக்கணக்கா நாய்க்குட்டிகள ஆராய்ச்சி பண்ணி 1965-ல புத்தகமாப் போட்டாங்க. பொறந்து சுமார் 3 வாரத்துல இருந்து 12 வாரம் வரைக்கும் ஒரு குட்டி எதையெல்லாம் பாக்குதோ, கேக்குதோ, மோந்து பாக்குதோ, அதெல்லாம் அதோட உலகத்துல சேந்துரும். அந்த வயசுல பாக்காதது பின்னாடி வந்தா, அது ஆபத்து. அதே இடத்துல 1961-ல வெளியான இன்னொரு சோதனையில, 14 வாரம் வரைக்கும் மனுஷனோட பழக விடாம வளர்த்த குட்டிங்க, கிட்டத்தட்ட காட்டு விலங்காட்டமே இருந்துச்சுங்களாம். அதுங்கள யாரும் அடிக்கல. பழகற வயசுல யாரும் பக்கத்துல இல்ல. அவ்வளவுதான்.

இத நான் ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்றேன்னா, "யாரோ அடிச்சுட்டாங்க"ன்னு நம்பறவங்க "நான் அன்பு காட்டினா சரியாயிரும்"னும் நம்புவாங்க. உடனே தலையத் தடவப் போவாங்க. தூக்கி மடியில வெச்சுக்குவாங்க. மனுஷக் கையே என்னன்னு தெரியாத ஒரு ஜீவனுக்கு அது எப்படி இருக்கும்னு யோசிச்சுப் பாருங்க.

சாதுவான நாயா? கொஞ்சம் பொறுங்க

ஷெல்டர்ங்கறது பயந்த நாய்க்கு ரொம்பக் கஷ்டமான இடம். நடத்தறவங்க மேல குத்தமே இல்ல. ஒரே இடத்துல அவ்வளவு நாய் இருந்தா சத்தம் வரத்தான் செய்யும். நாய்க்கூடங்கள்ல சத்தம் 100 டெசிபலத் தாண்டறது சாதாரணம்னு அளந்து பாத்தவங்க எழுதியிருக்காங்க. நமக்கே காது அடைக்கும். நம்ம காதுக்கு எட்டாத உச்சஸ்தாயி சத்தம்கூட நாய்க்குக் கேக்கும்.

அந்தச் சத்தத்துல அம்மிணி குரைக்க மாட்டா, உறும மாட்டா, கம்பிகிட்ட வர மாட்டா. மருந்து போடத் தூக்கினா உடம்ப மரக்கட்டையா விறைச்சுக்குவா. இதப் பாத்துட்டு "எவ்வளவு சாதுவா இருக்கு, குழந்தைங்களுக்கு ரொம்ப நல்லது"ன்னு ஒருத்தர் அன்னைக்கே கூட்டிட்டுப் போறேன்னு நின்னார்.

அது சாதுத்தனம் இல்லைங்க, ஏன்னு சொல்றேன். 1967-ல பென்சில்வேனியா பல்கலைக்கழகத்துல மார்ட்டின் செலிக்மனும் கூட இருந்தவங்களும் நாய்கள வெச்சு ஒரு சோதனை செஞ்சாங்க. தப்பிக்கவே முடியாதபடி மின் அதிர்ச்சி வாங்கின நாய்ங்க, அப்புறம் தப்பிக்க வழி இருந்தும் முயற்சி பண்ணல. பெரும்பாலானதுங்க அப்படியே படுத்துக்கிச்சுங்க. (படிக்கறப்பவே வயித்தப் பிசையுது. அந்த நாய்ங்க பட்ட வலியில இருந்து தெரிஞ்சுகிட்டத நாம பயன்படுத்தாம விட்டா அது இன்னும் பெரிய கொடுமை.) என்ன பண்ணினாலும் ஒண்ணும் மாறாதுன்னு ஆகிட்டா, உயிர் போராடறத விட்டுரும். வெளிய இருந்து பாக்க அது சாதுவா தெரியும்.

அதனால கூண்டுல அமைதியா இருக்கற நாயப் பாத்தா ஒரு கேள்வி கேட்டுப் பாருங்க. இது நிம்மதியா இருக்கா, இல்ல எல்லாத்தையும் விட்டுட்டு உக்காந்திருக்கா? நிம்மதியா இருக்கற நாய் ஒருக்களிச்சுப் படுக்கும், சோம்பல் முறிக்கும், குடுத்ததத் திங்கும். விட்டுட்ட நாய் கண்ணுக்கு முன்னாடி ஈரல் வெச்சாக்கூட தொடாது.

அம்மிணி தொடல.

ஈரலும் பேப்பரும்

மொத வேலை டாக்டர். பயம்னு நாம நினைக்கறது சில நேரம் வலியா இருக்கும். காதுல சீழ், பல்லுல வலி, இடுப்பெலும்புல பழைய அடி, உண்ணிக் காய்ச்சல்... இதுல எது இருந்தாலும் நாய் தொட விடாது. ரத்தம் டெஸ்ட் பண்ணி, கால் கூடினதப் பாத்து, கருத்தடை ஆபரேஷன் முடிஞ்சு, வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் போட்டு, "உடம்புல ஒண்ணும் இல்ல"ன்னு டாக்டர் சொன்ன அப்புறம்தான் மத்ததெல்லாம்.

அதுக்கப்புறம் நான் செஞ்சது: ஒண்ணுமே செய்யல!

நெஜமாத்தாங்க. கூண்டுக்குள்ள போய், அவளுக்கு முதுகக் காட்டிட்டு, தரையில உக்காந்து, பேப்பர சத்தமாப் படிப்பேன். தங்கம் விலை, அணை நீர்மட்டம், வரி விளம்பரம் எல்லாம். (அம்மிணிக்கு சிறுவாணி நீர்மட்டம் அத்துப்படி.) குரல் ஒரே சீரா இருக்கணும், அதுதான் கணக்கு. அவ பக்கம் திரும்பக் கூடாது. கைய நீட்டக் கூடாது. படிச்சு முடிச்சுட்டு வேகவெச்ச கோழி ஈரல்ல ரெண்டு துண்டு போட்டுட்டு எந்திரிச்சு வந்துருவேன்.

நான் போன அப்புறம் தின்னா. அப்புறம் நான் கதவுகிட்ட நிக்கறப்பவே தின்னா. அப்புறம் ஒரு நாள், பேப்பர் படிச்சுட்டு இருக்கறப்ப முழங்கைகிட்ட ஒரு ஈரமூக்கு.

திரும்பிப் பாக்கணும்னு இருந்த ஆசைய அடக்கினேன் பாருங்க, அது தவம்ங்க தவம்!

இதுல ஒரு சூட்சுமம் இருக்கு. வரிசை முக்கியம். பயப்படற விஷயம் மொதல்ல வரணும், திங்கறது அதுக்குப் பின்னாடி வரணும். ஆள் வந்தார், அப்புறம் ஈரல் வந்துச்சு. ஆள் போனார், ஈரலும் நின்னுச்சு. அப்பதான் "ஆள் வந்தா நல்லது நடக்கும்"னு மனசுல பதியும். பாவ்லோவ் காலத்துல இருந்து தெரிஞ்ச சங்கதிதான். மாத்திச் செஞ்சா, அதாவது ஈரலக் காட்டி ஏமாத்திப் பக்கத்துல வரவெச்சு டபக்குன்னு பிடிச்சா, என்ன ஆகும்? ஈரலப் பாத்தாலே ஓடும். "பிஸ்கட் காட்டிப் பிடிச்சுக்கலாம்"னு சொல்றவங்ககிட்ட நான் சண்டை போடறது இதுக்குத்தான்.

இன்னொண்ணு, நாய்ங்க உடம்பால பேசறதக் கவனிக்கணும். நார்வே நாட்டு நாய்ப் பயிற்சியாளர் டூரிட் ருகாஸ் இதப் பத்தி ஒரு புத்தகமே எழுதியிருக்காங்க. தூக்கமே வராதப்ப கொட்டாவி, சாப்பாடே இல்லாதப்ப உதட்ட நக்கறது, தலையத் திருப்பிக்கறது, திடீர்னு தரைய மோந்து பாக்கறது. இதெல்லாம் "எனக்கு சங்கடமா இருக்கு, கொஞ்சம் தள்ளிக்கோ"ன்னு சொல்றது. அப்பவே நாம தள்ளிக்கிட்டா, "நான் சொன்னாக் கேக்கறாங்க"ங்கற தைரியம் அதுக்கு வரும். கேக்காம மேல மேல போனா உறுமும். உறுமினதுக்கும் திட்டினா, அடுத்த தடவை உறுமாம நேரா கடிக்கும். உறுமற நாய் நமக்கு எச்சரிக்கை குடுக்குது. அதுக்கு நன்றிதான் சொல்லணும்.

(கடிபட்டா: சோப்புப் போட்டு ஓடற தண்ணியில 15 நிமிஷம் கழுவிட்டு, உடனே ஆஸ்பத்திரி. நாய்க்கு ஊசி போட்டிருக்கா இல்லையாங்கற பட்டிமன்றம் எல்லாம் டாக்டர் முன்னாடி வெச்சுக்கலாம்.)

மனுஷங்க நாங்க பண்ணினத விட அதிகம் பண்ணினது சோழா. எங்க ஷெல்டரோட மூத்த குடிமகன். மூணு கால், ஒரு காதுல பாதி. யாரப் பாத்தாலும் வால ஆட்டுவான். அவன அம்மிணி கூண்டுல விட்டோம். அவன் என்கிட்ட வந்து மேல சாஞ்சு சொறியச் சொல்லுவான். அம்மிணி பாத்துட்டே இருப்பா. "ஓ, இந்த ஜந்து கிட்டப் போனா ஒண்ணும் ஆகாதா"ன்னு அவ முடிவு பண்ணினது அவனப் பாத்துத்தான்.

இது எங்க ஊர் கண்டுபிடிப்பு இல்ல. அமெரிக்காவுல ஏஎஸ்பிசிஏங்கற விலங்கு நல அமைப்பு, ரொம்பப் பயந்த நாய்களுக்குன்னே 2013-ல நியூஜெர்சியில ஒரு மையம் ஆரம்பிச்சாங்க. 2018-ல வட கரோலினாவுல வீவர்வில்னு ஒரு ஊர்ல அத நிரந்தரமா ஆக்கினாங்க. அங்கயும் தைரியமான நாய்கள பயந்ததுக்குத் துணையா விடறாங்க. தேவைப்பட்டா டாக்டர் சொல்லி பதட்டத்தக் குறைக்கற மாத்திரையும் குடுக்கறாங்க. (மாத்திரைன்னதும் மூஞ்சியச் சுளிக்காதீங்க. ரொம்ப நடுங்கற மூளையில புதுசா எதுவும் ஏறாது. நடுக்கம் குறைஞ்சாத்தான் கத்துக்கும்.) அங்க போன நாய்கள்ல பெரும்பாலானது வீடு சேந்திருக்கு.

விளம்பரம் எழுதறது எப்படி

அம்மிணிக்கு நாங்க போட்ட விளம்பரத்த அப்படியே தர்றேன். யார் வேணா எடுத்து மாத்தி எழுதிக்கோங்க:

"பேர் அம்மிணி. நாட்டு நாய், பெண், ரெண்டு வயசு இருக்கலாம். ஊசி, கருத்தடை எல்லாம் ஆச்சு. புது ஆளுங்களப் பாத்தா பயம். கைய ஓங்கினா, துடைப்பம் எடுத்தா, ஹெல்மெட் போட்டா ரொம்பப் பயம். தொட விட மாசக்கணக்கா ஆகலாம். மத்த நாய்ங்கன்னா உயிர். வீட்ல ஏற்கனவே பழகின நாய் இருந்தா ரொம்ப நல்லது. சின்னக் குழந்தைங்க இல்லாத, காம்பவுண்டு சுவர் இருக்கற, ஆள் வரத்து கம்மியான வீடு வேணும். பிடிச்சது: வேகவெச்ச ஈரல், வெயில், யாராச்சும் பேப்பர் படிக்கறது."

போட்டோவும் கிட்டக்கப் போய் எடுக்கல. சோழாவோட வெயில்ல படுத்திருக்கறப்ப தூரத்துல இருந்து எடுத்த வீடியோ. அதுல அவ கண்ணு பாதி மூடியிருக்கும். அதுதான் அவ நெஜமான முகம். அவள அந்த முகத்தோட பாத்துத்தான் ஒருத்தருக்குப் பிடிக்கணும்.

"இப்படி எல்லாத்தையும் எழுதினா யார்தான் எடுப்பாங்க"ன்னு ஷெல்டர்லயே கேட்டாங்க. கம்மியாத்தான் போன் வந்துச்சு. நமக்குத் தேவை ஒரே ஒரு வீடுதானே! நூறு பேர் "ச்சோ"ன்னு சொல்லிட்டுப் போறதுக்கு, நாலே பேர் முழுசாப் படிச்சுட்டுக் கூப்பிடறது எவ்வளவோ மேல்.

வந்த வீடுகள்

ஒருத்தர் தொண்டாமுத்தூர் பக்கம் தோட்டம் வெச்சிருக்கார். பாக்கு, தென்னை, கிணறு. கேக்கறப்பவே சொர்க்கமா இருந்துச்சு. ஆனா வேலி இல்ல, காவலுக்கு நாய் வேணும்ங்கறார். பயந்த நாய் காவல் காக்காதுங்க. அது ஓடும். யானை இறங்கற பக்கம், வேலி இல்லாத தோட்டத்துல ஓடினா எங்க போய்த் தேடறது? கையெடுத்துக் கும்பிட்டு, "உங்களுக்குத் தைரியமான நாய் ஒண்ணு இருக்குங்ணா"ன்னு வேற ஒருத்தன அறிமுகப்படுத்தினோம். ரெண்டு பேரும் இப்போ சந்தோஷமா இருக்காங்க.

ஒரு குடும்பம், ரெண்டு குழந்தைங்க. தங்கமான மனுஷங்க. பாப்பா ஓடி வந்து கூண்டுக் கம்பியப் பிடிச்சா, அம்மிணி அங்கயே ஒண்ணுக்குப் போயிட்டா. அந்தப் பாப்பா தப்பே பண்ணல. குழந்தைன்னா ஓடத்தான் ஓடும், கத்தத்தான் கத்தும், கூட்டாளிங்கள வீட்டுக்குக் கூட்டிட்டு வரும். அதெல்லாம் கூடாதுன்னு ஒரு குழந்தையக் கட்டிப் போடறது எந்த ஊர் நியாயம்?

இன்னொரு தம்பி, ஐடி வேலை, ஒம்பதாவது மாடி அபார்ட்மெண்ட். பொறுமை, படிப்பு எல்லாம் இருக்கு. ஆனா ஒண்ணுக்குப் போகணும்னா லிஃப்ட்ல போகணும். சின்ன இரும்புப் பெட்டிக்குள்ள தெரியாத ஆளுங்களோட, தினமும் பல தடவை. அவளுக்கு அது ஆகாது. அந்தத் தம்பிக்கு "அசோசியேஷன் நாயே கூடாதுங்குது"ன்னு ஒரு பிரச்சினை வேற. அப்படித் தடை போட அசோசியேஷனுக்கு அதிகாரம் இல்லைன்னு விலங்கு நல வாரியத்தோட வழிகாட்டுதலே இருக்கு. லிஃப்ட்டையும் மறுக்கக் கூடாது. (அந்த வாரியம் 1962-ல ருக்மிணி தேவி அருண்டேல் அம்மா தலைமையில ஆரம்பிச்சது. ரொம்ப வருஷம் சென்னையிலதான் இருந்துச்சு. பரதநாட்டியத்துக்கு அவங்க செஞ்சது எல்லாருக்கும் தெரியும். வாயில்லா ஜீவனுக்கு செஞ்சதையும் நாம கொண்டாடணும்.) தம்பி வேற ஒரு நாயோட அந்த அபார்ட்மெண்ட்ல இப்போ ஜம்முனு இருக்கார்.

"வேண்டாம்"னு சொல்றது ஒவ்வொரு தடவையும் கஷ்டமாத்தான் இருந்துச்சு. ஆனா இங்க வேண்டாம்னா, அவங்க நல்லவங்க இல்லைன்னு அர்த்தம் இல்ல. அம்மிணிக்கு அந்த வீட்ல முடியாது. அவ்வளவுதான்.

அப்புறம் வந்தாங்க டீச்சரம்மா.

போன்லயே அவங்க கேட்ட மொத கேள்வி: "அவ ஒளிஞ்சுக்க எந்த மாதிரி இடம் பிடிக்கும் கண்ணு?"

எனக்குப் பேச்சே வரல. எல்லாரும் "கொஞ்சுமா", "கை குடுக்குமா"ன்னு கேட்ட இடத்துல, ஒருத்தங்க ஒளியறதுக்கு இடம் கேக்கறாங்க!

ரிட்டயர் ஆனவங்க. தனி வீடு, ஆளுயர காம்பவுண்டு. வீட்ல ராஜான்னு வயசான ஒரு நாய். ஷெல்டருக்கு வந்தாங்க, தரையில உக்காந்தாங்க, கூட கொண்டு வந்த புத்தகத்தப் பிரிச்சுப் படிச்சாங்க. போனாங்க. மறுபடி வந்தாங்க. ராஜாவக் கூட்டிட்டு வந்தாங்க. ராஜாவும் அம்மிணியும் ஒருத்தர ஒருத்தர் மோந்து பாத்துட்டு பக்கத்து பக்கத்துல படுத்தாங்க. அதுக்கப்புறமும் அவங்க அவசரப்படல. "நான் வர்றதுக்கு அவளே பழகட்டும், அப்புறம் கூட்டிட்டுப் போறேன்"னாங்க.

வீட்டுக்குப் போன அப்புறம்

இந்தப் பகுதிய தயவுசெஞ்சு யாரும் தாண்டிப் போயிடாதீங்க. தொலையற நாய்ங்க பெரும்பாலும் மொத சில நாள்லதான் தொலையும்.

பட்டை மட்டும் போதாது. பயந்த நாய் பின்னாடி இழுத்தா தலையோட பட்டை உருவிட்டு வந்துரும். உடம்பச் சுத்தி மாட்டற ஹார்னஸ் ஒண்ணு, கழுத்துல பட்டை ஒண்ணு, ரெண்டுக்கும் தனித்தனியா கயிறு. கழுத்துல போன் நம்பரோட ஒரு தகடு. கார்ல இருந்து இறக்கறது கேட்ட மூடின அப்புறம்தான்.

மொதல்ல ஒரே ஒரு ரூம். தண்ணி, சாப்பாடு, மறைவா ஒரு மூலை. வீட்டச் சுத்திக் காட்டறது, சொந்தக்காரங்கள வரவழைச்சுக் காட்டறது, வந்த அன்னைக்கே குளிப்பாட்டறது, எதுவும் வேண்டாம். சாப்பிடலைன்னா பயந்துக்காதீங்க, வெச்சுட்டு நகந்துருங்க. ஒரு நாளாகியும் தண்ணிகூடத் தொடலைன்னா டாக்டருக்கு போன் பண்ணுங்க.

உலகம் முழுக்க ஷெல்டர்ல ஒரு கணக்கு சொல்லுவாங்க. 3 நாள், 3 வாரம், 3 மாசம். 3 நாள் மூச்சு விட, 3 வாரம் வீட்டோட நடப்பு புரிய, 3 மாசம் இது நம்ம வீடுன்னு தோண. சாதாரண நாய்க்கே இது. பயந்த நாய்க்கு இன்னும் எவ்வளவு ஆகும்னு அதோட மனசுக்குத்தான் தெரியும்.

ஒண்ணு மட்டும் ஞாபகம் வெச்சுக்கோங்க. பயம் சொட்டுச் சொட்டா நிறையற குடம். காலையில மிக்ஸி சத்தம் ஒரு சொட்டு. கேஸ் சிலிண்டர்காரர் ஒரு சொட்டு. தெருவுல தண்டோரா ஒரு சொட்டு. சாயங்காலம் நீங்க சாதாரணமா கைய நீட்டறீங்க, குடம் வழிஞ்சு போய் அது பல்லக் காட்டுது. "நேத்து தடவினப்ப சும்மாதானே இருந்துச்சு"ன்னு குழம்பறீங்க. காரணம் உங்க கை இல்ல, அன்னைக்குப் பூரா விழுந்த சொட்டு. அப்படிப்பட்ட நாள்ல அத தனியா விட்டுருங்க. நல்லாத் தூங்கி எந்திரிச்சா குடம் கொஞ்சங் கொஞ்சமா காலியாகும்.

தீபாவளி தனிக் கதை. நம்ம அரசாங்கம் வெடி வெடிக்கக் காலையில 6-ல இருந்து 7, சாயங்காலம் 7-ல இருந்து 8-ன்னு நேரம் குறிச்சிருக்கு. ஆனா சத்தம் ஒரு வாரம் முன்னாடியே ஆரம்பிச்சுரும். டீச்சரம்மா என்ன பண்ணாங்க தெரியுமா? ஜன்னல் எல்லாம் போர்வையப் போட்டு மூடி, ஃபேன ஃபுல்லா வெச்சு, ரேடியோவப் போட்டுட்டு, மாடிப்படிக்குக் கீழ ராஜாவையும் அம்மிணியையும் விட்டு, தானும் பக்கத்துலயே பாய் விரிச்சுப் படுத்துட்டாங்க. வெளிய கூட்டிட்டுப் போறத வெடிச் சத்தம் இல்லாத விடியக்காலைக்கு மாத்திட்டாங்க. பயப்படறப்ப தேடி வந்தா தாராளமா அணைச்சுக்கலாம். "கொஞ்சினா பயம் கூடிரும்"னு ஒரு பேச்சு சுத்துது, அத நம்பாதீங்க.

எல்லா நாய்க்கும் வீடு வேணுமா?

இது சில பேருக்குப் பிடிக்காது. ஆனா சொல்லித்தான் ஆகணும்.

தெருவுல நல்லா வாழற நாயக் கருத்தடை பண்ணி, ஊசி போட்டு, காதுல அடையாளம் வெட்டி, பிடிச்ச இடத்துலயே திருப்பி விடணும்னுதான் 2023-ல வந்த நாய் இனக்கட்டுப்பாட்டு விதி பொதுவா சொல்லுது. மனுஷங்ககிட்ட ஒட்டாத, ஆனா தன் தெருவுல தெம்பா சுத்தற நாய்க்கு அந்தத் தெருதான் வீடு. அதக் கூண்டுல அடைச்சு "காப்பாத்திட்டோம்"னு சொல்றதுல எனக்கு ஒப்புதல் இல்ல. அம்மிணிக்குத் திரும்பிப் போக இடம் இல்ல. அந்தக் கட்டடத்துல ஆளுங்க குடியேறி, முன்னாடி லாரி பறக்கற ரோடு ஆயிருச்சு. அதனாலதான் வீடு தேடினோம்.

2025 ஆகஸ்ட்ல டெல்லித் தெருநாய்கள எல்லாம் ஷெல்டருக்குக் கொண்டு போகச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவு போட்டு, அதே மாசத்துல மாத்தினதும், நவம்பர்ல ஸ்கூல், ஆஸ்பத்திரி, பஸ் ஸ்டாண்ட், ரயில்வே ஸ்டேஷன் வளாகத்துல இருக்கறத அப்புறப்படுத்தச் சொன்னதும் எல்லாரும் படிச்சிருப்பீங்க. கடிபட்டவங்க வேதனைய நான் குறைச்சுச் சொல்லல, அது பெரிய வேதனை. ஆனா ஷெல்டருக்குள்ள நாய் கூடக் கூட, அம்மிணி மாதிரி மூலையில ஒடுங்கறதுங்களும் கூடும். அதுங்களோட உக்காந்து பேப்பர் படிக்க ஆளும், பொருத்தமான வீடும் அதுக்கேத்த அளவு வேணும்.

"பயந்தது தேறாது"ன்னு சொல்றவங்களுக்கு ஒரு உதாரணம். 2007-ல அமெரிக்காவுல மைக்கேல் விக்ங்கற ஃபுட்பால் வீரரோட இடத்துல இருந்து நாய்ச்சண்டைக்கு வளர்த்த பிட்புல் நாய் அம்பது கிட்ட மீட்டாங்க. எல்லாத்தையும் கொன்னுரலாம்னு பெரிய பெரிய அமைப்புங்களே பேசுச்சு. ஒவ்வொண்ணா உக்காந்து சோதிச்சுப் பாத்தா, அதுல நிறைய நாய்க்கு வெறி இல்ல, பயம்தான். 22 நாய் யூட்டா மாநிலத்துல பெஸ்ட் ஃப்ரெண்ட்ஸ் சரணாலயத்துக்குப் போச்சு. மத்ததுலயும் நிறைய வீடு சேந்துச்சு. அதுங்களுக்கே முடிஞ்சப்ப, சூலூர் கட்டடத்துக் குட்டிக்கு முடியாதா?

உங்ககிட்ட ஒரு வேண்டுகோள்

வீட்டுக்குக் கூட்டிட்டுப் போக முடியலைன்னாலும் பரவால்ல. உங்க ஊர் ஷெல்டருக்கு ஒரு ஞாயித்துக்கிழமை போங்க. முன்னாடி வந்து வாலாட்டற நாயக் கொஞ்ச ஆள் நிறைய இருக்கு. நீங்க பொறுப்பானவங்ககிட்ட கேட்டுட்டு கடைசிக் கூண்டுக்குப் போய், முதுகக் காட்டி உக்காருங்க. போன நோண்டலாம், புத்தகம் படிக்கலாம். காசு செலவு இல்ல, தனித் திறமை எதுவும் வேண்டாம்.

கூட்டிட்டுப் போய் முடியாமப் போச்சுன்னா, ரோட்டுல விடாதீங்க, ஷெல்டருக்கே திருப்பிக் கொண்டு வாங்க. யாரும் உங்களத் திட்டக் கூடாது. திட்டினா அடுத்தவங்க பயந்துகிட்டு ரோட்டுல விட்டுருவாங்க. அந்த வீட்ல என்ன ஒத்து வரலைன்னு நீங்க சொல்ற தகவல்தான் அடுத்த வீட்டச் சரியாத் தேட உதவும்.

சோழாவுக்கு இன்னும் வீடு கிடைக்கல. மூணு கால், வயசு வேற. அதனால எல்லாரும் தாண்டிப் போயிடறாங்க. ஆனா உங்க வீட்ல பயந்த நாய் ஒண்ணு இருந்தா, அதுக்கு அவன விட நல்ல வாத்தியார் கிடைக்க மாட்டான். போன் பண்ணுங்க. கேள்வி நிறைய கேப்போம், வீட்டப் பாக்க வருவோம், காம்பவுண்டு கேட்டுல கம்பி இடைவெளி எவ்வளவுன்னு டேப் வெச்சு அளப்போம். கோவிச்சுக்காதீங்க. ஒரு டம்ளர் மோர் மட்டும் குடுங்க, அளந்துட்டுக் கிளம்பிடறோம்.